கோப்புக்கு இனிஷியல் பின்னால்

நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள். கணக்கு டீச்சர் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் இன்னும் தறிச் சத்தம் கேட்கிற நாலைந்து வீடுகளில் அவர் வீடும் ஒன்று. "டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க. இவரு காலையிலேர்ந்து சாப்பிடல. பையன் போன் பண்ணா எடுக்கவும் மாட்டேங்கறாரு. கம்ப்யூட்டர்ல இருந்த டிசைன் எல்லாம் போயிடுச்சாம்."

பையன் என் மாணவன். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனோடு படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், கமெண்டில் எழுதாதீர்கள்.

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். டிசைன் போடவும் தெரியும். கட்டம் போட்ட பெரிய தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி. மேலிருந்து கீழே ஒரு வரி என்றால் ஒரு ஊடை. நிரப்பிய கட்டமென்றால் பாவு இழையை எடு, வெற்றுக் கட்டமென்றால் விடு. அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள், ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. 1804இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு கொண்டுவந்த ஏற்பாடு இதுதான். அதே ஓட்டை அட்டையைத்தான் பிறகு பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு வேண்டும் என்று திட்டம் போட்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் அட்டையை வைத்துத்தான் எண்ணினார். கம்ப்யூட்டரின் தாத்தா தறி என்று வகுப்பில் நான் சொன்னபோது இந்தப் பையன் எழுந்து, "அப்போ எங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது சரிதான்.

ஜக்கார்டு பெட்டி நம்மூருக்கு வருவதற்கு முன்னால் 'அடை' என்று ஒரு முறை இருந்தது. டிசைனை நூலிலேயே கட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு ஆள் நின்று வரிசைப்படி நூல்களை இழுத்துப் பிடிக்க, நெசவாளர் நாடாவை விடுவார். பையனின் தாத்தா அந்த வேலை பார்த்தவர்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு சின்னக் கட்டங்கள் சரியாகத் தெரியவில்லை. மகன் வார இறுதிகளில் உட்கார்ந்து அவருக்காக ஒரு சின்ன மென்பொருள் எழுதினான். வரைபடத்தைத் திறந்தால் ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் பெரிதாக வரும். "ஏழு விடு, மூணு எடு" என்று குரலும் வரும். எழுதியது எலக்ட்ரான் என்ற சட்டகத்தில். இணையப் பக்கம் செய்கிற அதே கருவிகளை வைத்து கம்ப்யூட்டரில் நிறுவுகிற மென்பொருள் செய்ய உதவும் சாமான் அது. 2013இல் ஆட்டம் என்கிற எழுதிக்கு அடித்தளமாகத் தொடங்கி, 2015இல் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. உங்களில் பலர் ஆபீஸில் திறந்து வைத்திருக்கும் ஸ்லாக்கும் விஎஸ் கோடும் அதில் செய்ததுதான்.

தாத்தா நினைவாக அவன் கோப்புகளுக்கு 'டாட் அடை' என்று வால் வைத்தான். ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு எழுத்து. பழைய டாஸ் காலமாக இருந்தால் மூன்றுக்கு மேல் இடம் கிடையாது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

என் வகுப்பாக இருந்தால் இந்த வால் சமாச்சாரத்தை இப்படிச் சொல்லியிருப்பேன். நமக்கு இனிஷியல் முன்னால் வரும், கோப்புக்குப் பின்னால் வரும். இனிஷியலைப் பார்த்து "இவன் யார் வீட்டுப் பிள்ளை" என்று ஊர் சொல்வதுபோல, வாலைப் பார்த்து விண்டோஸ் சொல்கிறது, இந்தக் கோப்பு இன்ன மென்பொருள் வீட்டுப் பிள்ளை என்று. அதற்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. இனிஷியல் பதிவேட்டில் இல்லையென்றால் "யாரிடம் ஒப்படைக்கட்டும்?" என்று நம்மையே கேட்கும்.

1984இல் வந்த மக்கின்டாஷ் வேறு வழியில் போனது. கோப்புக்குள் சேராமல் அதன் கூடவே நான்கெழுத்தில் இரண்டு குறிப்பு வைத்திருக்கும், என்ன வகை, யார் செய்தது என்று. வாலே தேவையில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் உலகம் வாலோடுதான் ஓடியது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அண்ணன் தறிப் பள்ளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். தறி ஓடவில்லை. "வாங்க டீச்சரம்மா. எல்லாம் பூச்சி பூச்சியா ஆயிடுச்சு" என்றார்.

பார்த்தேன். கோப்பின் மேல் இரண்டு தட்டு தட்டினால் நோட்பேட் திறந்தது. உள்ளே கேள்விக்குறி, கட்டம், ஏதேதோ நாட்டு எழுத்து. மயில்கண்ணும் கோபுரமும் ருத்ராட்சமும் இருக்க வேண்டிய இடத்தில்.

மகன் முந்தின ஞாயிற்றுக்கிழமை புதிய பதிப்பை அனுப்பியிருக்கிறான். "இனிமே மென்பொருளைத் திறந்து அதுக்குள்ள போய்த் தேட வேண்டாம்பா. கோப்பு மேலயே ரெண்டு தட்டு, வந்துடும்." அப்பாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பழைய 'திற' பொத்தானையும் எடுத்துவிட்டான். நல்ல எண்ணம்தான். ஆனாலும் புது வாசல் திறக்கிறதா என்று பார்க்காமல் பழைய வாசலைச் சுவர் வைத்து அடைக்கிறவனை என்ன சொல்ல? அண்ணன் தட்டியிருக்கிறார். "எதில் திறக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறது. முதலில் கண்ணில் பட்டது நோட்பேட். "எப்போதும் இதையே பயன்படுத்து" என்ற கட்டத்திலும் டிக் போட்டுவிட்டார்.

மகனுக்கு என் போனிலிருந்து அடித்தேன். அவன் முதலில் கேட்டது, "டீச்சர், அந்தக் குப்பையில முதல் ரெண்டு எழுத்து என்ன?" பார்த்துச் சொன்னேன், பி, எம். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அப்போ உயிரோட இருக்கு."

வால் என்பது நாம் வைக்கிற பெயர்தான். பல வகைக் கோப்புகளுக்கு உள்ளேயும் ஒரு பிறவி அடையாளம் இருக்கிறது, முதல் சில எழுத்துகளில். பிட்மேப் படம் பிஎம் என்று தொடங்கும். பிடிஎஃப் கோப்பு ஒரு சதவீதக் குறி போட்டு பிடிஎஃப் என்றே தொடங்கும். இவன் 'அடை' கோப்பு என்பது உள்ளே சாதாரண பிட்மேப் படமும், கடைசியில் வண்ணக் குறிப்புகளும். அவன் சொன்னபடி ஒரு கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியின் வாலை மட்டும் பிஎம்பி என்று மாற்றி பெயின்ட்டில் திறந்தேன். மயில் வந்து நின்றது.

அண்ணன் எழுந்து வந்து திரைக்கு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். "இது என் மயிலுதான்." அக்கா உள்ளே போய்த் தோசைக்கல்லைப் போட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் பதிவே எழுதியிருக்க மாட்டேன். மொத்தம் 23 கோப்பு. ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்று மட்டும் திறக்கவில்லை. நோட்பேடில் பார்த்தால் பிஎம்மைக் காணோம்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார், "அத மட்டும் சரி பண்ணிப் பார்க்கலாம்னு மேல இருந்த குப்பையைக் கொஞ்சம் அழிச்சேன். சேமிக்கட்டுமான்னு கேட்டது. சரின்னேன்."

இதைக் கவனமாகப் படியுங்கள். எழுத்து அல்லாத ஒரு கோப்பை நோட்பேடில் திறந்து பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. அங்கிருந்து சேமித்தால் போச்சு. எதையும் அழிக்காமல் சேமித்தாலும், அது எல்லாவற்றையும் எழுத்தாகவே நினைத்துத் திரும்ப எழுதுவதால் உள்ளே இருக்கும் எண்கள் மாறிவிடும்.

போன கோப்பு எது தெரியுமா? 1981இல் தாத்தா, வரப்போகிற மருமகளின் முகூர்த்தச் சேலைக்காகப் போட்ட கரை டிசைன். எதிரெதிராக இரண்டு அன்னம், நடுவில் ஒரு கொடி. ஆவணி முகூர்த்தத்துக்கு அதே கரையில் ஒரு சேலை கேட்டு ஆர்டர் வந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் அட்டை அடிக்கக் கொடுத்தாக வேண்டும்.

மகன் போனில், "அந்தத் தாள் இருக்குமேப்பா, அதை ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்றான்.

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். இரண்டு நாளில் மகனிடம் பேசிய முதல் வார்த்தை. "போகியில கொளுத்திட்டேன். நீதானே சொன்னே, எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு, செல்லரிச்சதை எல்லாம் எதுக்கு வச்சிருக்கேன்னு." போனை வைத்துவிட்டார்.

மகனிடம் ஒரு பென் டிரைவ் பிரதி இருந்தது, தீபாவளிக்கு எடுத்தது. இந்தத் தாளை ஸ்கேன் செய்தது மார்கழியில். விண்டோஸில் பழைய பதிப்பை மீட்கும் வசதியை அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் போட்டு வைக்கவில்லை. எல்லா வழியும் அடைப்பு.

மறுநாள் நானும் மகனும் போனில் மல்லாடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கலாம். முதலில் நோட்பேட் பிடியிலிருந்து கோப்புகளை விடுவிக்க வேண்டும். புதிதாக நிறுவினால் சரியாகிவிடுமே என்றேன். ஆகாதாம். மனிதர் கையால் டிக் போட்டுத் தேர்ந்தெடுத்ததை விண்டோஸ் 8இலிருந்து தனியாகப் பூட்டி வைக்கிறது, எந்த மென்பொருளும் தானாக அதை மாற்ற முடியாதபடி. நல்லதுதான், இல்லையென்றால் புதிதாக வருகிறவனெல்லாம் நம் பிள்ளைகளைத் தன் வீட்டுப் பிள்ளை என்று எழுதிக்கொள்வான். வலது பொத்தான் அழுத்தி, 'இதைக் கொண்டு திற' போய், நாமே மாற்ற வேண்டும். போனேன். பட்டியலில் இவன் மென்பொருளையே காணோம்.

கறுப்புத் திரையைத் திறந்து 'அசாக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, புள்ளி வைத்து வாலை எழுதச் சொன்னான். இந்த வாலுக்கு யாரும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. "ஆனா நான் எழுதியிருக்கேனே டீச்சர், என் கம்ப்யூட்டர்ல வேலை செய்யுதே" என்றான். அவனுடையது மேக். அங்கே வேறு விதமாகப் பதிவாகிறது. விண்டோஸுக்கு எலக்ட்ரான் மென்பொருளைப் பொட்டலம் கட்டுகிற எலக்ட்ரான் பில்டர் என்ற கருவியின் கையேட்டில் ஒரே ஒரு வரி இருக்கிறதாம்: ஒரு பயனருக்கு மட்டும் என்றில்லாமல் கம்ப்யூட்டர் முழுவதற்கும் நிறுவினால்தான் வால் பதிவாகும் என்று. இரவு பதினொன்றுக்கு அந்த வரியைப் படித்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினான். கேள்வியை முழுவதும் படிக்காமல் விடை எழுதுகிற பழக்கம் அவனுக்குப் பத்தாம் வகுப்பிலேயே உண்டு. சொன்னேன்.

வியாழன் காலையில் புதிய பொட்டலம் வந்தது, நிறுவினேன், பட்டியலில் பெயர் வந்தது, தேர்ந்தெடுத்தேன். இரண்டு தட்டு. மென்பொருள் திறந்தது. உள்ளே வெறும் வெள்ளை.

வெள்ளைக்கும் காரணம் அதே மேக்தான். மேக்கில் கோப்பைத் தட்டினால் "இதைத் திற" என்று மென்பொருளுக்கு ஒரு தகவல் போகும். விண்டோஸில் அப்படி வராது. மென்பொருளை எழுப்பும்போதே, அழைக்கிற வரியின் கடைசியில் கோப்பின் முகவரியைச் சேர்த்துக் கொடுத்துவிடும். இவன் தகவலுக்காகக் காத்திருந்தான். சீட்டு கையிலேயே இருந்தது. மதியம் திருத்தி அனுப்பினான். மயில் வந்தது. மென்பொருள் திறந்திருக்கும்போதே இரண்டாவது கோப்பைத் தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு முறை திறக்கக் கூடாது என்று பூட்டு வைத்தவன், இரண்டாவதாக வந்தவன் கையில் இருக்கும் சீட்டை வாங்கி முதலாமவனிடம் கொடுக்காமல் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தான். அதையும் சரிசெய்தான். 'திற' பொத்தானைத் திரும்ப வை என்றேன். வைத்தான்.

கோப்பு தட்டினால் திறக்கிறது. 22 கோப்பு. அண்ணன் பார்த்தார், தலையாட்டினார், தறியில் போய் உட்கார்ந்தார். மகன் பெயரை எடுக்கவில்லை.

அப்போதுதான் அக்கா கையில் ஒரு மூட்டையோடு வந்தார். வெள்ளை வேட்டியில் சுற்றியது. "நாலு நாளா அப்பனும் புள்ளையும் எதுக்குடா இந்தப் பாடு? காகிதம் போனா என்ன? சேலை இங்கதானே இருக்கு." அரக்குச் சேலை, பச்சைக் கரை, கோர்வையில் இணைத்தது. ஜரிகை கொஞ்சம் கறுத்திருந்தது. மற்றபடி அன்னங்கள் அப்படியே இருந்தன.

நெய்த துணியில் டிசைன் ஒளிந்திருக்காது. எங்கே ஜரிகை மேலே வருகிறது, எங்கே அடியில் போகிறது என்று எண்ணினால் கட்டத் தாள் திரும்ப வந்துவிடும். அண்ணன் வாயடைத்துப் போய் நின்றார். நாற்பது வருஷம் தறியில் இருந்தவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கோப்பு, கோப்பு என்றே யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு டிசைன் திரும்பி வருவதற்கு 120 கொக்கி, 160 ஊடை. அதாவது 19,200 கட்டம். நான் உடனே கணக்கு டீச்சரானேன். அன்னங்கள் எதிரெதிரே, கண்ணாடியில் பார்த்ததுபோல. அப்படியானால் பாதி எண்ணினால் போதும், 9,600. அதிலும் கட்டம் கட்டமாக வேண்டாம், எடு எத்தனை, விடு எத்தனை என்று தொடர்ச்சியாகச் சொன்னால் போதும். பேத்தி போன் கேமராவில் கரையைப் பெரிதாக்கிப் படம் எடுத்தாள். நான் படத்தைப் பார்த்துச் சொல்ல, அண்ணன் லென்ஸை வைத்துச் சேலையில் சரிபார்க்க, பேத்தி மென்பொருளில் கட்டங்களை நிரப்பினாள். "ஒன்பது விடு, நாலு எடு, ரெண்டு விடு." அடை இழுத்த காலத்தில் அந்தப் பள்ளத்தில் இதே மாதிரிதான் கேட்டிருக்கும்.

வியாழன், வெள்ளி இரண்டு சாயங்காலம் போனது. சனிக்கிழமை கருட சேவை. வரதராஜப் பெருமாள் விடியற்காலையில் கோபுர தரிசனம் கொடுத்து ஊருக்குள் வந்துவிட்டார், பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மகன் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்து சேர்ந்தான். வாசலில் நின்றவனை அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "97ஆவது வரியில இருக்கோம். கையக் கழுவிட்டு வந்து லென்ஸப் பிடி" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. அவனும் பேசவில்லை.

97ஆவது வரியில் ஒரு சிக்கல். இடது பாதியை எண்ணி வலதுக்குத் திருப்பி வைத்தால் சேலையோடு ஒத்துப்போகவில்லை. வலது அன்னத்தின் அலகில் ஒரு கட்டம் கூடுதல். நாங்கள்தான் தவறாக எண்ணினோம் என்று மூன்று முறை எண்ணினோம். சேலையில் தள்ளி வேறொரு இடத்தில் பார்த்தோம். அங்கேயும் அதே அலகில் அதே ஒரு கட்டம். கரை முழுக்க, ஒவ்வொரு அன்னத்திலும். நெய்யும்போது வந்த தவறு என்றால் ஒரு இடத்தில்தான் இருக்கும். இது அட்டையிலேயே விழுந்த ஓட்டை.

"அப்போ இது தாத்தா பண்ணின தப்பு" என்றான் மகன். "சரி பண்ணிடலாம். ஒரு கிளிக்தான்."

நானும் அதைத்தான் சொன்னேன். சமச்சீர் கெட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணன் லென்ஸை வாங்கி அந்த அலகை வெகுநேரம் பார்த்தார். "நாப்பது வருஷமா இவ கட்டுறா, எனக்கே தெரியாது. இருக்கட்டும்டா. அப்படியே வை" என்றார்.

வைத்தான். சாயங்காலம் 160ஆவது வரி முடிந்தது. கோப்பைச் சேமித்து, மென்பொருளை மூடி, அண்ணனையே தட்டச் சொன்னோம். இரண்டு தட்டு. இரண்டு அன்னமும் வந்தன. திங்கட்கிழமை அட்டை அடிக்கக் கொடுத்தாயிற்று.

உறவுகளுக்கு ஒரு விஷயம், மறப்பதற்குள். விண்டோஸில் கோப்பின் வால் வழக்கமாக மறைந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதியில் போய் அதைத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். போனில் யாராவது கல்யாணப் பத்திரிகை என்று அனுப்பி, பின்னால் ஏபிகே என்று வால் இருந்தால் அது பத்திரிகை இல்லை, உங்கள் போனில் நுழையப் பார்க்கும் மென்பொருள். தொடாதீர்கள். சின்ன மாமா, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

23 கோப்புகளையும் மகன் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தான். ஒன்று அவனிடம். இன்னொன்றை அக்கா வாங்கி அந்த அரக்குச் சேலையின் மடிப்புக்குள் வைத்து பீரோவைப் பூட்டிவிட்டார். ஆவணிச் சேலை தறியில் ஏறியதும் படம் போடுகிறேன். அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள்.